பஸ் தரிப்பிடம் கேட்ட ஐரிஷ்காரர்

அந்த ஐரிஷ் நாடாளுமன்ற உறுப்பினரின் முகத்தை நான் கண்டதில்லை. ஆனால் அவர் சபையில் பேசியதை வரிவரியாக வாசித்து, எந்த விடயம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பதிவதற்கு ஒரு குளிர்காலம் முழுவதும் எனக்குச் சம்பளம் தந்தார்கள். அதில் பாதிக் காலம் எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது அதுதான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மூன்று வருடக் கணினிப் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடி அலைந்து, கனடாவின் ஸ்காபரோவில் ஒரு கம்பளக் கடைக்கு மேல்மாடியில் இருந்த நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். பல நாடுகளின் நாடாளுமன்ற விவாதங்களுக்குப் பொருளடைவு தயாரித்து நூலகங்களுக்கு விற்பது அவர்களுடைய தொழில். விவாதத்தைத் திரையில் வாசிக்க வேண்டும். பேசியவர், பேசிய விடயம், பக்க எண், பதிந்தவரின் முதலெழுத்துகள் என்று ஒவ்வொரு பதிவுக்கும் நான்கு பெட்டிகள். விடயம் என்ற பெட்டியில் நினைத்தபடி எழுத முடியாது. அனுமதிக்கப்பட்ட தலைப்புகளின் பட்டியல் ஒன்று இருந்தது. அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். பட்டியல் போடாமல் நான் மரக்கறிக் கடைக்குக்கூடப் போவதில்லை. எனவே வேலை எனக்குப் பொருந்தியது.

பொருந்தாதவர் எங்கள் பிரிவின் தலைவர். தலைப்புப் பட்டியல் அவருடையது. அதில் ஒரு சொல்லைச் சேர்க்கவோ எடுக்கவோ அவருக்கு மட்டுமே உரிமை. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர். ஐம்பதைத் தாண்டியவர். பிரிவில் இருந்த ஐந்து பேரில் நான்கு பேர் தமிழர். எங்களை வேலைக்கு எடுத்தது தான்தான் என்பதை அவர் ஒரு நாளும் சொல்லாமல் விட்டதில்லை. முதல் நாள் தெரியாமல் அவரை "அண்ணை" என்று கூப்பிட்டுவிட்டேன்.

"இஞ்ச அண்ணை கிண்ணை ஒண்டும் இல்லை. சேர் எண்டு சொல்லும்."

முகாமையாளரான வெள்ளைக்காரப் பெண்ணை எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டோம். இவர் மட்டும் சேர்.

எனக்கு அந்த வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. அம்மா கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் தனியாக இருந்தார். வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டால் அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் எடுத்துக்கொண்டு எழும்பி நிற்பதாகத் தொலைபேசியில் சொல்வார். அவரை இங்கே கூப்பிடுவதற்கான ஸ்பொன்சர் விண்ணப்பத்தோடு நிரந்தர வேலைக் கடிதம் ஒன்று இருந்தால் கோப்பு நகரும் என்று படிவம் நிரப்பித் தருபவர் சொல்லியிருந்தார். என் தகுதிகாண் காலம் ஆறு மாதம். அதன் முடிவில் சேர் எழுதும் அறிக்கையைப் பார்த்துத்தான் முகாமையாளர் கடிதம் தருவார்.

மூன்றாவது மாதத்தில் ஒரு பல்கலைக்கழக நூலகத்திலிருந்து தனி வேலை ஒன்று வந்தது. சமூக, பொருளாதாரக் கொள்கை விவாதங்களில் ஒரே ஒரு ஐரிஷ் உறுப்பினர் பேசியவற்றுக்கு மட்டும் முழுமையான பொருளடைவு வேண்டுமாம். சேர் அதை என் மேசையில் போட்டார்.

"இதைப் பிழையில்லாமச் செய்தீரெண்டால் உம்மைப் பற்றி யோசிக்கலாம்."

அந்த உறுப்பினர் எதையும் சுருக்கிச் சொல்லமாட்டார். நேரம் முடிந்துவிட்டது என்று சபாநாயகர் சொன்ன பிறகுதான் அவருக்குப் பேச்சே தொடங்கும். வேலையில்லாதோர் கொடுப்பனவு, ஓய்வூதியம், பாலின் விலை, வங்கி வட்டி, அரசாங்க வீடுகள் என எல்லாவற்றிலும் அவருக்கு ஒரு கருத்து இருந்தது. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு விமானம் ஏற்றிவிட்டு வெறும் வீட்டுக்குத் திரும்பும் பெற்றோரைப் பற்றி ஒரு முறை நீளமாகப் பேசியிருந்தார். அந்தப் பக்கத்தை நான் பதிந்த பிறகும் மூடாமல் வைத்திருந்தேன்.

அதைவிட, அவர் பஸ் தரிப்பிடங்களைப் பற்றி ஓயாமல் பேசினார். அல்லது, பேசுகிறார் என்று நான் நினைத்தேன்.

விவாதங்களில் "ஹோல்ட்டிங் சைட்" என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. கனடாவில் பஸ் நிற்கும் இடம் பஸ் ஸ்டொப். எங்கள் ஊரில் அது பஸ் ஹோல்ட். பள்ளிக்கூடம் போன காலம் முழுவதும் ஹோல்ட்டில் நின்றுதான் பஸ் பிடித்தேன். எனவே அந்தச் சொல்லைக் கண்டதும் என் கை தானாகவே "போக்குவரத்து: பஸ் தரிப்பிடங்கள்" என்று பதிந்தது. யாரிடமும் கேட்கவில்லை. மணிக்கு இத்தனை பக்கம் முடிக்க வேண்டும் என்று கணக்கு இருந்ததால் ஒவ்வொரு பந்தியையும் நிதானமாக வாசிக்கவும் இல்லை.

அதே பக்கங்களில் "ட்ரவலர்ஸ்" என்ற சொல்லும் வந்தது. அதை மட்டும் சேரிடம் கொண்டுபோனேன்.

"பிரயாணியள். உதுவும் தெரியாதே? பஸ் ஹோல்ட்டில ஆர் நிப்பினம், ஆடு மாடே? சுற்றுலாவுக்குக் கீழ போடும்."

"வசனத்துக்கு நடுவில வந்தாலும் முதலெழுத்துப் பெரிசா இருக்கு, சேர்."

"அது அச்சடிச்சவன்ர பிழை. நீர் அச்சுக்காரனுக்கு வேலை செய்யிறீரோ, எனக்கு வேலை செய்யிறீரோ?"

சுற்றுலாவுக்குக் கீழ் போட்டேன். திகதியையும் அவர் சொன்னதையும் என் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். அது சந்தேகத்தால் அல்ல, பழக்கத்தால்.

பக்கத்து மேசையில் இருந்த அக்கா, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஒவ்வொரு காலையும் கேட்பார்: "என்னடி, உன்ர ஆள் இண்டைக்கு எத்தினை ஹோல்ட் கேட்டவர்?"

நானும் எண்ணிச் சொல்வேன். வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருபவள் நான். இரண்டாவது பஸ்ஸுக்கு ஒரு கண்ணாடிக் கூடுகூட இல்லாத இடத்தில் காற்றுக்குள் நிற்க வேண்டும். எங்கேயோ ஒரு நாட்டில் ஒருவர் எழும்பி நின்று தரிப்பிடங்களுக்காக வாதாடுகிறார் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஐந்தாவது மாதத்தில் ஒரு நாள், பின்னேரம், ஒரு பந்தியில் கண் தடக்கி நின்றது. ஹோல்ட்டிங் சைட் ஒன்றில் குழந்தை பிறந்திருக்கிறதாம். அங்கே தண்ணீர்க் குழாய் போட்டுக் கொடுத்தால் அவர்கள் இனிப் போகவே மாட்டார்களாம். அதற்கு முன்பே, அவர்களை எழுப்பக் கேட்டு மாவட்ட சபை நீதிமன்றத்துக்குப் போக வேண்டுமாம். அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"பஸ் வாறதுக்கிடையில பிள்ளை பிறந்திட்டுதாக்கும்," என்றார் அக்கா. "உன்ர பஸ்ஸும் அப்பிடித்தானே."

இருவரும் சிரித்தோம். பிறகு நான் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை நகரத்துக்குப் போய்ப் பெரிய நூலகத்தில் தேடினேன். அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. ட்ரவலர்ஸ் என்பவர்கள் பிரயாணிகள் அல்ல. அயர்லாந்தில் தலைமுறை தலைமுறையாக வண்டிகளில் வாழ்ந்து, ஓரிடத்தில் நிற்கவிடாமல் துரத்தப்பட்ட ஒரு மக்கள் கூட்டம். அந்தப் பெரிய முதலெழுத்து அச்சுக்காரனின் பிழை அல்ல. அது அவர்களுடைய பெயர். ஹோல்ட்டிங் சைட் என்பது அவர்களுடைய வண்டிகள் நிற்பதற்கு உள்ளூராட்சி ஒதுக்கும் காணி.

திங்கட்கிழமை அந்தப் பேச்சுகள் எல்லாவற்றையும் மறுபடி வாசித்தேன். இந்த முறை நிதானமாக. அவர் ஒரு தரிப்பிடமும் கேட்கவில்லை. வேண்டாம் என்றுதான் கேட்டிருந்தார். தன் தொகுதியில் வேண்டாம், பாடசாலைக்குப் பக்கத்தில் வேண்டாம், வீட்டுக் காணிகளின் விலை விழும், வேறு மாவட்டத்துக்கு அனுப்புங்கள். பெட்டியோடு வேறு நாட்டில் போய் இறங்கும் தன் ஊர்ப் பிள்ளைகளுக்காக உருகிய அதே வாய். அந்தப் பேச்சுக்கும் இந்தப் பேச்சுக்கும் நடுவே நான்கு பக்கங்கள்தான் இருந்தன. அந்த நான்கு பக்கங்களைத் தாண்டுவதற்கு அவருக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. அப்படிப்பட்டவரை நாங்கள் பஸ் விடுபவராகவும் சுற்றுலாப் பயணிகளை உபசரிப்பவராகவும் ஆக்கி நூலகத்துக்கு அனுப்பத் தயாராக இருந்தோம்.

பிழைகளை எண்ணினேன். மொத்தம் நாற்பத்தொன்று. தரிப்பிடம் பதினெட்டு, என்னுடையவை. சுற்றுலா இருபத்துமூன்று, சேருடையவை. ஒரு தாளில் இரண்டு நிரலாக எழுதி அவரிடம் கொண்டுபோனேன்.

அவர் தாளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"ஆர் உமக்கு இதைச் சொன்னது?"

"நூலகத்தில பாத்தனான், சேர்."

"நான் இருபது வருஷம் இங்கிலிசு படிப்பிச்சவன். எனக்கு ட்ரவலர் எண்டா என்னெண்டு சொல்ல நீர் நூலகத்துக்குப் போனனீரோ?"

"சொல் அதுதான், சேர். ஆனா ஆக்கள் வேற."

"வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு டிஸ்க் போகுது. ஒண்டும் மாத்தேலாது. மாத்தத்தான் வேணுமெண்டால், நாப்பத்தொண்டிலயும் ஆற்ற முதலெழுத்து இருக்கெண்டு போய்ப் பாரும்."

எல்லாவற்றிலும் என்னுடையதுதான் இருந்தது. பதிந்தவள் நான்.

புதிய தலைப்புச் சேர்க்க எனக்கு உரிமை இல்லை. பட்டியலில் ஏற்கெனவே "சிறுபான்மையினர்: குடியிருப்பு" என்று ஒன்று இருந்தது. அன்று வேலை முடிவதற்குள் நாற்பத்தொன்றையும் அதற்குக் கீழே மாற்றினேன். மறுநாள் காலை வந்து பார்த்தேன். நாற்பத்தொன்றும் பஸ்ஸுக்கும் சுற்றுலாவுக்கும் திரும்பிப் போயிருந்தன. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மறுபடி மாற்றினேன். புதன்கிழமை மறுபடி பழையபடி. சேர் என் மேசையைக் கடந்து போகும்போது செருமுவார். நான் தட்டச்சு செய்துகொண்டே இருப்பேன்.

"விடடி," என்றார் அக்கா. "அயர்லாந்தில ஆர் உன்னைக் கேக்கப் போயினம்? கொம்மாவைக் கூப்பிடுற அலுவலைப் பார்."

அம்மாவைப் பற்றித்தான் நானும் யோசித்தேன். அறிக்கையை எழுதப் போகிறவர் சேர். பேசாமல் இருந்தால் கடிதம் கிடைக்கலாம். டிஸ்க் போன பிறகு நூலகம் பிழையைக் கண்டுபிடித்தால், முதலெழுத்து என்னுடையது, கடிதம் கிடைக்காது. இரண்டையும் எழுதிப் பார்த்து, வியாழக்கிழமை காலை அந்தத் தாளை முகாமையாளரின் மேசையில் வைத்தேன். முதல் நிரலில் என் பிழைகள், இரண்டாவதில் சேர் சொல்லிச் செய்தவை, அவர் சொன்ன திகதியோடு.

முகாமையாளர் இருவரையும் கூப்பிட்டார். சேர் மிகவும் மென்மையாகப் பேசினார். பிள்ளை புதிது என்றார், அவசரப்படுகிறவள் என்றார். பெரிய முதலெழுத்தைக் கவனிக்கும்படி தான் தொடக்கத்திலேயே எச்சரித்ததாகச் சொன்னார். அவருடைய ஆங்கிலம் உண்மையிலேயே அழகானது. நான் குறிப்பேட்டை நீட்டினேன். அது தமிழில் இருந்தது. முகாமையாளர் அதைப் பார்த்துப் புன்னகைத்துத் திருப்பித் தந்தார்.

பின்னேரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பிழைகள் திருத்தப்படும், புதிய தலைப்பும் சேர்க்கப்படும் என்றார். ஆனால் நூலகத்துக்குத் தாமதத்தின் காரணம் சொல்ல வேண்டும். பயிற்சியில் இருப்பவர் விட்ட பிழையைத் தலைவர் இறுதிச் சோதனையில் கண்டுபிடித்தார் என்றால் அவர்களுக்கு நம்பிக்கை வரும். எனக்கும் இதனால் கெடுதல் இல்லை, இளம் வயதில் எல்லோரும் பிழை விடுவார்கள். அந்தக் குறிப்பில் நான் கையெழுத்து வைக்க வேண்டும். அதற்குப் பக்கத்தில், ஆறு மாதம் முடியுமுன்பே தயாராகிவிட்ட என் நிரந்தர வேலைக் கடிதமும் இருந்தது. சேர் பரிந்துரைத்துக் கையொப்பம் போட்டிருந்தார். முகாமையாளரின் ஒப்பம் மட்டும் இன்னும் விழவில்லை. இரண்டு தாள்களையும் அவர் வேண்டுமென்றே அப்படி வைத்தாரா என்று எனக்குத் தெரியாது. பேனா ஒன்றுதான் இருந்தது.

பதினெட்டுப் பிழை என்னுடையது, அது உண்மை. இருபத்துமூன்று அவருடையது. கண்டுபிடித்தவள் நான். மூன்றில் ஒன்றுதான் அந்தக் குறிப்பில் இருந்தது. நான் கையெழுத்து வைத்தேன். பிறகு அவர் என் கடிதத்தில் கையெழுத்து வைத்தார்.

அந்த உறுப்பினரின் பேச்சுகளைப் புதிய தலைப்புக்குக் கீழே நானே மாற்றிப் பதிந்தேன். துணைத் தலைப்பாக "குடியமர்த்தலுக்கு எதிர்ப்பு" என்று போட்டேன்.

"ஐயோ, உன்ர ஆளை இப்பிடிக் கவிழ்த்துப் போட்டியே," என்றார் அக்கா.

"அவர் சொன்னதைத்தான் போட்டனான்."

சேர் அந்தத் துணைத் தலைப்பில் கைவைக்கவில்லை. நான் அங்கே வேலை செய்த மீதிக் காலம் முழுவதும் எங்களுக்குள் நடந்த பேச்சு எல்லாம் துண்டுக் காகிதங்களில்தான்.

அம்மா அடுத்த வருடம் வந்து சேர்ந்தார். கடிதத்தின் பிரதியைக் கைப்பையிலேயே வைத்திருந்தார். தூதரகத்தில் அதிகாரி ஒருவர் அதை இரண்டு தரம் வாசித்தாராம். அதன் கீழே இருந்த தமிழ்ப் பெயர் அம்மாவுக்கு மனப்பாடம். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில், சப்பாத்துகள் கழற்றி வைக்கும் இடத்தில் சேர் எதிர்ப்பட்டார். மரியாதைக்கு அவர் யார் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அம்மா இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"நீங்கள்தானே தம்பி அந்தக் கடிதம் குடுத்தது? நீங்கள் இல்லாட்டி நான் இன்னும் அந்த அறைக்குள்ளதான் கிடந்திருப்பன்."

சேர் என்னைப் பார்க்கவில்லை. "எங்கட பிள்ளையளுக்கு நாங்கள் செய்யாமல் வேற ஆர் செய்யிறது, அம்மா," என்றார். பிறகு சப்பாத்துக்குள் காலை நுழைத்தபடி, "பிள்ளை கெட்டிக்காரிதான். இங்கிலிசிலதான் கொஞ்சம் கவனமா இருக்கவேணும்."

அம்மா கூப்பிய கையை இறக்காமலே என் பக்கம் திரும்பினார்.

"சேர் சொல்லுறது கேட்டதே?"

"கேட்டது," என்றேன்.