ஏணைக்குக் கொடுத்த சாறி

1. பழஞ்சீலை கேட்டு வந்தவர்கள்

சுனாமியாகக் கடல் வந்து போன மூன்றாம் கிழமை, அதாவது மூன்றாவது வாரம், கடையைத் திறந்தோம். மட்டக்களப்பு நகரத்தில் ஒரு புடவைக்கடை. அங்கே எனக்கு அப்போது பதினெட்டு வருட சேல்ஸ்மன் வேலை. வந்த பெண்களில் பலர் கேட்டதைக் கொடுக்க எங்களிடம் வழியில்லை. அவர்கள் கேட்டது பழைய சீலை.

விளங்காத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்தால் ஏணை, அதாவது தொட்டில், கட்டுவது தாயின் பழைய வொயில் சாறியில்தான், மெல்லிய பருத்தித் துணி அது. பச்சை உடம்புக்குப் புதுத்துணி ஆகாது என்பார்கள். பத்து வருடம் தோய்த்து உடுத்த வொயில் மிருதுவாகவும் இருக்கும், இரண்டு பிள்ளையைக்கூடத் தாங்கும். கடற்கரையோரக் கல்லடியில் அந்தச் சாறிகளை எல்லாம் அலுமாரியோடு கடல் கொண்டுபோய்விட்டது. புதுச்சீலை கொடுக்க உதவி நிறுவனங்கள் வரிசையில் நின்றன. பழையதை யார் கொடுப்பது?

2. நனைத்துப் பார்க்காத பேல்

நிவாரணப் பொதிகளுக்கென்று முதலாளி கொழும்பிலிருந்து ஒரு லொட் சாறி இறக்கினார். லேபிளில் அசல் நூல் வொயில் என்று இருந்தது. பேலை, அந்தத் துணிக்கட்டை, பிரித்ததுமே எனக்குச் சந்தேகம். துணி விறைப்பாகப் பளபளத்தது. இதற்கு எங்கள் தொழிலில் ஒரு சோதனை உண்டு. ஒரு மூலையைத் தண்ணீரில் நனைத்து, உள்ளங்கையில் கசக்கிப் பிழிந்து, பிறகு இழுத்துப் பார்ப்பது. கஞ்சி போனால்தான் துணியின் சுயரூபம் தெரியும். நான் வாளியை எடுக்கப் போனேன். முதலாளி மறித்தார்.

"விடு தம்பி. சும்மா குடுக்கிற சாமான். ஆரு நனைச்சுப் பாக்கப் போறா?"

நானும் விட்டுவிட்டேன். பொதிகளுக்குப் போனது போக மிஞ்சியவை கடை றாக்கைத் தட்டுகளில் ஏறின.

3. டப் என்ற சத்தம்

யோகம் கல்லடிப் பெண். வீடு அழிந்து, பள்ளிக்கூட முகாமில் நிறைமாதமாக இருந்தார். புருஷனுக்குக் கடல்தொழில். எங்கேயும் பழஞ்சீலை கிடைக்கவில்லை, புதுசை வாங்கித் தோய்த்துத் தோய்த்துப் பழசாக்கப் போகிறேன் என்றார். பிள்ளையைத் தாங்குமா என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி.

அந்த லொட்டில் ஒன்றை எடுத்து உதறி, கரையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக் காட்டினேன். கஞ்சித்துணி டப் என்று நல்ல சத்தம் போடும். வாடிக்கையாளரை மடக்க நாங்கள் செய்கிற வித்தை அது. தாங்கும் தங்கச்சி என்றேன். சந்தேகம் எனக்குள் நன்றாகவே இருந்தது. பச்சைக்குழந்தை என்ன பெரிய பாரம் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

யோகம் ஒரு கிழமையாக அதை அடித்துத் தோய்த்திருக்கிறார். தோய்க்கத் தோய்க்க மிருதுவாவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார். போனது கஞ்சி, மிஞ்சியது வெறும் சல்லடை என்று அவருக்கு எப்படித் தெரியும்? பிள்ளைக்கு ஐந்து மாதமானபோது, தற்காலிகக் கொட்டிலில் ஏணை நடுவால் கிழிந்தது. கீழே சிமெந்துத் தரை. பிள்ளையின் வலது கை முறிந்தது.

கிழிந்த சீலையைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். சத்தம் போடவில்லை.

"நீங்க இழுத்துப் பாத்துத்தானே அண்ணன் தந்தீங்க?"

வேறொன்று கொடுத்தனுப்பு என்று முதலாளி உள்ளேயிருந்து சொன்னார். றாக்கையில் இருந்ததெல்லாம் அதே லொட்தான். அதிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினேன், வெட்கமில்லாமல். அவர் வாங்காமல் போய்விட்டார். அந்த நீட்டிய கையை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

4. பாதை திறந்த பிறகு

யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் கொழும்பு லொறிகள் தடையில்லாமல் வந்தன. ஒரு தோய்ப்பில் சாயம் போகிற பெட்சீட், தண்ணீரை உறிஞ்சாத துவாய், முதல் தரம் குந்தும்போதே பின்பக்கம் கிழிந்து விடுகிற சாரம், அதாவது லுங்கி, என்று கடை நிறைந்தது. நான் கவுண்டரில் ஒரு பேசின் தண்ணீர் வைத்து, எதை விற்றாலும் மூலையை நனைத்துக் காட்டினேன். வியாபாரத்தைத் தண்ணீரில் கரைக்கிறான் என்று முதலாளி என்னைப் பகிடி பண்ணினார். நனைத்துக் காட்டியும் சனம் அதைத்தான் வாங்கியது. கையிலிருந்த காசுக்கு அதுதான் கிடைத்தது.

அந்த நாட்களில் யோகம் மறுபடி வந்தார். தோளில் இரண்டாவது பிள்ளை, பக்கத்தில் மூத்தவள். மூத்தவளின் வலது கை முழங்கைக்குக் கீழே சற்று வளைந்திருந்தது. உள்ளே போய் நல்ல வொயில் ஒன்றைத் தேடி எடுத்துவந்து, நனைத்துப் பிழிந்து, அவர் முன்னாலேயே இழுத்துக் காட்டினேன். இதை நம்பி ஏணை கட்டலாம் என்றேன். உண்மையாகவே நல்ல துணி.

அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மலிவான துணியில் இரண்டு மீட்டர் போதும் என்றார். தோளில் கிடந்த குழந்தையின் சட்டை மேலேறியிருந்தது. முதுகில் கட்டம் கட்டமாகச் சிவந்த தடம். என்ன அது என்று கேட்டேன்.

"இவளுக்கு வலையிலதான் ஏணை கட்டியிருக்கன் அண்ணன். துணி உள்ளுக்க விரிக்கிறதுக்கு. பாரத்த வலை தாங்கும்."

இன்று கடைகளில் நிற்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். சந்தேகப்பட்ட துணிக்கு ஒரு தரம் உறுதி சொல்லிவிட்டால், பிறகு நல்ல துணியோடு போய் நின்றாலும் நம் பேச்சு எடுபடாது. நல்ல வொயிலை மடித்து வைத்துவிட்டு, அவர் கேட்ட மலிவுத் துணியில் இரண்டு மீட்டர் வெட்டிக் கொடுத்தேன்.