அத்தையின் கண்ணாடிக் கதவு

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கார் வாங்கியது அப்பா இல்லை, அத்தை. அப்பாவின் தங்கையான அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்துக்கொண்டு, காக்ஸ் டவுனில் எங்களோடுதான் இருந்தாள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஒரு பெண் ஸ்கூட்டரில் போனாலே எங்கள் தெருவில் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை ஒரு பழைய வெள்ளைக் காரைத் தானே ஓட்டி வந்து வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தாள். அம்மா கையில் தோசைக் கரண்டியோடு ஓடி வந்தாள். அப்பா செய்தித்தாளை மடிக்காமலே எழுந்து வந்தார்.

கார் ரொம்பச் சின்னது. அத்தையோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் வாங்கியது. அந்த மாடல் வருவது நின்றே சில வருஷங்கள் ஆகியிருந்தன. அப்பா அதைச் சுற்றி வந்தார். பானெட்டைத் தட்டினார், டயரை உதைத்துப் பார்த்தார். பின்பக்கம் போனதும் நின்றுவிட்டார். மற்றக் கார்களில் டிக்கிக் கதவு தகரத்தில் இருக்கும், நடுவில் கண்ணாடி பதித்திருப்பார்கள். இதில் கண்ணாடியேதான் கதவு. சுற்றிலும் சட்டம் என்று ஒன்று கிடையாது. மேலே இரண்டு கீல்கள், கண்ணாடியில் ஓட்டை போட்டுப் பொருத்தியவை. கீழே ஒரு பூட்டு. திறந்தால் கண்ணாடி மட்டும் மேலே எழும்பி, இரண்டு மெல்லிய கம்பிகளின் தயவில் நிற்கும்.

"என்னம்மா இது, கதவு போட மறந்துட்டு ஜன்னலை மாட்டி அனுப்பிட்டாங்களா?" என்றார் அப்பா.

"அதான் கதவு, அண்ணா."

"எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

அந்தக் கேள்வி வீட்டில் வெகுநாள் ஓடியது. வருகிற விருந்தாளிகளையெல்லாம் அப்பா காரின் பின்னால் கூட்டிப்போய்க் காட்டுவார். அவர்களும் தம் பங்குக்கு ஒரு கெடு வைத்துவிட்டுக் காபி குடிக்க உள்ளே போவார்கள். கண்ணாடி என்றால் உடைய வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

அத்தைக்கு மட்டும் அந்தக் கதவின் மேல் தனிப் பிரியம். காரை விற்றவர் சொல்லிக்கொடுத்ததை எங்களுக்குப் பாடமாகவே நடத்தினாள். அறைந்து சாத்தக் கூடாது. கையால் தாங்கி இறக்கி, இரண்டு உள்ளங்கைகளையும் நடுவில் வைத்து, க்ளிக் என்று கேட்கும்வரை அழுத்த வேண்டும். "இது வீட்டு ஜன்னல் கண்ணாடி மாதிரி இல்ல. சூடாக்கிப் பதம் போட்டது. நடுவுல குத்தினாக்கூடத் தாங்கும். ஆனா ஓரத்துல மட்டும் எதுவும் இடிக்கக் கூடாது. ஓரத்துல ஒரு இரும்பு பட்டுச்சுன்னா மொத்தமும் போச்சு."

முதல் பாதி உண்மை என்பதை நானே பார்த்தேன். தெருவில் கிரிக்கெட் ஆடிய பையன்களின் கார்க் பந்து ஒருநாள் நேராக வந்து கண்ணாடியின் நடுவில் மோதியது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். பந்து திரும்பி அவர்களிடமே போனது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. அன்றைக்குச் சாப்பிடும்போது அத்தை இதை அப்பாவிடம் இரண்டு தடவை சொன்னாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பின்சீட்டுக்கும் அந்தக் கண்ணாடிக்கும் நடுவில் சாமான் வைக்கிற குழியில் ஒரு போர்வையை மடித்துப் போட்டு, அதில் அத்தை என்னை உட்கார வைப்பாள். எல்லோருக்கும் ஊர் முன்னாலிருந்து வரும். எனக்கு மட்டும் அது பின்னால் போய்க்கொண்டிருக்கும். அல்சூர் ஏரி சின்னதாகிச் சின்னதாகிப் போவதைப் பார்த்திருக்கிறேன். குளிர்காலக் காலைகளில் அந்தக் கம்பிகளுக்குத் தெம்பு இருக்காது, தூக்கிவிட்ட கண்ணாடி தானாகவே இறங்கும். அத்தை அதைத் தலையால் முட்டுக் கொடுத்துக்கொண்டே காய்கறிப் பைகளை உள்ளே வைப்பாள்.

அப்பாவுக்குக் கதவென்றால் அறைந்து சாத்தித்தான் பழக்கம். பீரோ, வாசற்கதவு, அலுவலகத்து மேசை இழுப்பறை எல்லாமே அவரிடம் அடி வாங்கியவை. காரின் பக்கம் அவர் கை போனால் போதும், "அண்ணா, மெதுவா!" என்று அத்தை எங்கிருந்தாலும் குரல் கொடுப்பாள். அப்பா சூடு பட்டவர்போலக் கையை இழுத்துக்கொள்வார். பிறகு கைக்குழந்தையைத் தூங்கவைப்பதுபோல நடுவில் மெல்ல அழுத்துவார். கேலி செய்தாலும், இந்த ஒரு விஷயத்தில் அவர் தங்கை சொல்லை ஒருநாளும் தட்டியதில்லை.

மற்ற விஷயங்களில் அப்படி இல்லை. அத்தைக்கு முப்பத்திரண்டு முடிந்திருந்தது. சேலத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டில் நூல் கடை வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போக வேண்டாம் என்று அவர்கள் சொன்னதை அப்பா பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார். "அவங்க வீட்லயே ரெண்டு கார் நிக்குது. இதை என் ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டிருக்கார், தள்ளிவிட்டுடலாம்" என்றார்.

"எனக்கு வேணாம் அண்ணா" என்றாள் அத்தை.

"காரா?"

"கல்யாணம்."

அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். எல்லாப் பெண்ணும் முதலில் இப்படித்தான் சொல்லும் என்றார்கள். மறுநாளும் சொன்னாள், வெட்கம் என்றார்கள். அதற்கடுத்த வாரம் கொஞ்சம் குரலை உயர்த்திச் சொன்னபோது, அம்மா அவள் தலையைத் தடவி, "அண்ணனை விட்டுப் போறோமேன்னு இருக்கும்" என்று தானும் அழுதாள். மாப்பிள்ளையும் அவருடைய அக்காவும் ரயிலில் வந்து பெண் பார்ப்பதாக முடிவாயிற்று.

கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் போய் அவர்களை அழைத்துவர அப்பா கிளம்பிக்கொண்டிருந்தபோது, அத்தை கார்ச் சாவியோடு வந்து நின்றாள். "நானே வரேன். அவங்க லக்கேஜோட வருவாங்க." பார்க்கப்படுகிற பெண்ணே வண்டி ஓட்டிக்கொண்டு போவது நன்றாயிருக்குமா என்று அப்பா தயங்கினார். அம்மாவோ, "பாருங்க, மனசு மாறிடுச்சு" என்று அவர் காதில் சொன்னாள். நானும் ஏறிக்கொண்டேன்.

மாப்பிள்ளை ஒல்லியாக, சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு இருந்தார். அவருடைய அக்கா நல்ல உயரம். பட்டுப்புடவை ரயிலிலும் கசங்கவில்லை. அவர்களிடம் ஒரு சூட்கேஸ், ஒரு பை, அப்புறம் எங்களுக்கென்று கொண்டுவந்த ஒரு பெரிய முறுக்கு டின். சதுரமான தகர டின், மூலைகள் கூராக இருந்தன. கார் ஓட்டுவது யார் என்று தெரிந்ததும் அக்கா மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளை காரைப் பார்த்தார்.

போர்டரைக் கூப்பிட வேண்டாம் என்று அப்பாவே சாமான்களைத் தூக்கி வைத்தார். சூட்கேஸ் படுத்துக்கொண்டது. டின்னுக்கு இடம் போதவில்லை. அதை ஓரமாகச் செங்குத்தாக நிறுத்தினார். அதன் மேல்மூலை டிக்கியின் விளிம்புக்கு வெளியே இரண்டு விரல் நீட்டிக்கொண்டிருந்தது. அப்பா கண்ணாடியைப் பிடித்து இறக்கினார். அது பாதியில் டின்னைத் தொட்டு நின்றது. அவர் இடுப்பளவே உயரமிருந்த எனக்கே அது தெரிந்தது. கண்ணாடியின் ஓரம், தகரத்தின் மூலை.

நான் அத்தையைப் பார்த்தேன். பக்கத்தில்தான் நின்றாள். அவள் கண் டின்னின் மூலையில்தான் இருந்தது. வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது.

விருந்தாளிகள் வெயிலில் நிற்கிறார்களே என்ற அவசரம் அப்பாவுக்கு. ஓங்கி ஒரு தள்ளுத் தள்ளினார்.

ஒரு மூட்டை அரிசியைத் தரையில் கொட்டியதுபோல ஒரு சத்தம். அவ்வளவுதான். கதவு இருந்த இடத்தில் கதவு இல்லை. அப்பாவின் இரண்டு கைகளும் இல்லாத கண்ணாடியைப் பிடித்தபடி நின்றன. சூட்கேஸ்மேல், தரையில், அப்பாவின் செருப்புக்குள் எல்லாம் கல்கண்டு மாதிரி துண்டுகள். டின்னின் மூடி திறந்துகொண்டு முறுக்கெல்லாம் அவற்றோடு கலந்திருந்தது. எனக்கு உடனடியாகத் துக்கம் வந்தது முறுக்குக்காகத்தான்.

ஓர் ஆட்டோக்காரர் ஓடிவந்து, "கிளாஸ் ஹோயித்தல்லா சார்!" என்று கன்னடத்தில், போனதைப் போனதாகவே அறிவித்தார்.

மாப்பிள்ளையின் அக்கா ஓரடி பின்னால் போனாள். "என்னங்க இது, நல்ல காரியத்துக்கு வந்திருக்கோம், வீட்டு வாசப்படிகூட மிதிக்கல, அதுக்குள்ள கண்ணாடி உடையுதே."

"கை தவறிடுச்சும்மா... அது பழைய கண்ணாடி..." என்றார் அப்பா. மாப்பிள்ளை மட்டும் கைக்குட்டையை எடுத்து, குனிந்து, சீட்டில் சிதறியிருந்த துண்டுகளைக் கூட்டித் தள்ளினார். அத்தையிடம், "உங்க மேல எதுவும் படலையே?" என்று கேட்டார். அத்தை அவரை அப்போதுதான் முதல்தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். "இல்லைங்க. இது கையைக் கிழிக்காது" என்றாள்.

பின்பக்கம் திறந்தபடியே வீட்டுக்கு வந்தோம். ஒவ்வொரு சிக்னலிலும் காரின் புகையே சுற்றிக்கொண்டு உள்ளே வந்தது. அக்கா முந்தானையால் மூக்கை மூடியவள் வீடு வரும்வரை எடுக்கவில்லை. கேசரி சாப்பிட்டார்கள், காபி குடித்தார்கள், மாலை ரயிலுக்கு ஆட்டோ பிடித்துப் போனார்கள். தரகர் வந்து, சகுனம் சரியில்லை என்று அவர்கள் யோசிப்பதாகச் சொன்னபோது யாரும் ஆச்சரியப்படவில்லை.

தங்கையின் வாழ்க்கையைத் தன் கையாலேயே உடைத்துவிட்டதாக அப்பா முடிவுகட்டிக்கொண்டார். அத்தையை நேராகப் பார்க்கவே மாட்டார். எதிலும் அவசரப்படாதவராக ஆகிப்போனார். பீரோக் கதவுக்குக்கூட அடி நின்றது. காரை விற்கிற பேச்சையும் அவர் எடுக்கவில்லை, வேறு வரன் பேச்சையும் எடுக்கவில்லை. அம்மா தொடங்கினால், "அவ இஷ்டப்பட்டா பார்க்கலாம்" என்று எழுந்து போய்விடுவார்.

சனிக்கிழமைகளில் கண்ணாடி தேடிப் போனார். அந்த மாடலுக்கு எங்கும் கிடைக்கவில்லை. ஜே.சி. ரோட்டில் கடை கடையாக ஏறினார். சிவாஜி நகரில் பழைய வண்டிகளை உடைத்து விற்கிற சந்துகளில் எண்ணெயும் சேறும் மிதித்து நடந்தார். அதுவரை அத்தை பின்பக்கம் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய்வந்தாள். மழை பெய்தால் அது படபடவென்று அடித்துக்கொள்ளும். எனக்குப் பின்னால் பார்க்க ஒன்றும் இல்லாததால் நானும் முன்சீட்டுக்கு வந்துவிட்டேன்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில், ஒரு மத்தியானம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அப்பா உள்ளே அசையாமல் உட்கார்ந்திருந்தார். மடியில், பழைய படுக்கை விரிப்பில் சுற்றிய அகலமான ஒன்று. அதன் ஓரங்களை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டிருந்தார். கலாசிபாளையத்திலிருந்து அப்படியேதான் வந்தாராம். பள்ளம் வந்தால் இறங்கி நடந்தாராம். டிரைவர் அவரை ஒருமாதிரிப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பின்னால் வந்தாராம்.

மெக்கானிக் வந்து பொருத்தினார். புதுக்கண்ணாடி என்று சொல்ல முடியாது, ஒரு மூலையில் யாரோ ஒட்டிய ஸ்டிக்கரின் தழும்பு இருந்தது. ஆனால் பொருந்தியது. மெக்கானிக் சாத்தப் போனபோது அப்பா அவரை விலக்கிவிட்டு, தானே கண்ணாடியை இறக்கி, இரண்டு உள்ளங்கைகளையும் நடுவில் வைத்து அழுத்தினார். க்ளிக். அவர் அத்தையைப் பார்த்து, "இனிமே உடைய விடமாட்டேம்மா" என்றார்.

அத்தை வேகமாக உள்ளே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. சேலத்துக்காரர்கள் வேண்டாம் என்று சொன்ன அன்றைக்குக்கூட அவள் என்னைக் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்குக் கூட்டிப்போய் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தாள். கண்ணாடி திரும்பக் கிடைத்த நாளில் எதற்கு அழுகை?

"அப்பா பாவம் அத்தை. அவருக்கு டின் தெரியல" என்றேன்.

"தெரியும்டி. அவர் பேர்ல தப்பே இல்ல."

"நீங்க பார்த்தீங்கதானே? எப்பவும் 'மெதுவா'ன்னு கத்துவீங்களே. அன்னிக்கு ஏன் சொல்லல?"

அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லியிருந்தா உங்கப்பா கேட்டிருப்பாரே" என்றாள்.

அழுகையில் ஏதோ மாற்றிச் சொல்லிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, நான் போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தேன்.