டீ அறைக்கு வராத சட்டம்

கதவு திறந்தேதானே கிடந்தது, அப்புறம் எப்படி நம்ம மைதானம் போச்சு? கூட விளையாடியவர்கள் என்னைத்தான் பிடித்து இப்படிக் கேட்டார்கள். என்னிடம் கேட்டதற்குக் காரணம், அந்தக் கதவின் காவலர் என் சித்தப்பா.

நகரசபைக் கூட்ட அரங்கில் அவர் சேர்ந்த காலத்தில், கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பதுதான் வேலை. பிறகு சட்டம் வந்தது. கூட்டம் மக்கள் முன்னால்தான் நடக்க வேண்டும், யாரும் உள்ளே வந்து உட்காரலாம். மரக்கதவு போய்க் கண்ணாடிக் கதவு வந்தது. தினமும் காலையில் அதைத் துடைத்துவிட்டுத்தான் சித்தப்பாவுக்கு மற்ற வேலை.

"என்னக்கூட கல்யாணமான புதுசுல இப்படிப் பாத்துக்கல" என்பார் சித்தி.

எங்கள் தெரு மைதானத்தில் கார் நிறுத்தக் கட்டடம் வரப்போகிறது என்று தெரிந்ததும், சித்தப்பாதான் வீடு வீடாகப் போனார்.

"ரோட்ல நின்னு ஏன் கத்தறீங்க? உள்ள வந்து உக்காருங்க. உங்க முன்னாடி பேசித்தான் ஆகணும்."

தெருவே திரண்டு போனது. தலைவர் மைதானத்தின் பெயரைப் படித்தார். உறுப்பினர்கள் எல்லோரும் சம்மதம் என்று கையைத் தூக்கினார்கள். அவ்வளவுதான், அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். பேச்சையெல்லாம் அதற்கு முன்பே பக்கத்து டீ அறையில் பேசி முடித்திருந்தார்கள். சட்டம் கூட்டத்தைப் பற்றித்தான் சொன்னது, டீ குடிப்பதைப் பற்றி அல்ல.

அந்த அறைக்கு டீ கொண்டுபோனவரும் சித்தப்பாதான்.

"காதுல விழுந்தும் சும்மாவா இருந்தீங்க?" என்றார் சித்தி.

"ஹாலுக்கு வந்து மறுபடி பேசுவாங்கன்னு நெனச்சேன். கதவுதான் தொறந்திருக்கே."

"நல்லாத் தொடச்சீங்க போங்க."

சில வருடங்கள் கழித்து, இதேபோல் சட்டம் கொண்டுவர இருந்த வேறொரு நாட்டிலிருந்து ஒரு குழு வந்தது. கண்ணாடிக் கதவைப் படம் பிடித்தார்கள், அகலத்தை அளந்துகூடப் பார்த்தார்கள். அதில் ஒரு அம்மா, மொழிபெயர்ப்பாளர் மூலம் சித்தப்பாவிடம், "இவ்வளவு காலமா இங்க நிக்கறீங்க. எங்களுக்கு என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டார்.

சித்தப்பாவின் கண் டீ அறைப் பக்கம் போனது. வாயைத் திறப்பதற்குள் நகரசபை அதிகாரி, "வாங்கம்மா, டீ ஆறிடும்" என்று அவர்களை அந்த அறைக்கே அழைத்துப் போனார். சித்தப்பா தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். கோப்பையை நீட்டும்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

டீ அறைப் பேச்சும் பதிவாக வேண்டும் என்று இங்கே பின்னால் திருத்தம் வந்தது. அதற்குள் எங்கள் மைதானத்தின் மேல் மூன்று மாடிக்குக் கார்கள் நிற்கத் தொடங்கியிருந்தன. சித்தப்பா ஓய்வு பெற்றுவிட்டார். டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று கேட்பார்: "அந்தம்மா ஊர்ல டீ ரூம எங்கடா வச்சிருப்பாங்க?"

எந்த நாடு என்று அவருக்கு நினைவில்லை. அதனால் இதைப் படித்தவர்கள் இந்த டீ அறை விஷயத்தைத் தெரிந்த எல்லோருக்கும் சொல்லுங்கள். ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டு, அந்த அம்மா காதுக்கும் ஒருநாள் போய்ச் சேரட்டும்.