தேங்காயோடு ஓடியவர்

2003 ஐப்பசி. கோவில்பட்டியை அடுத்த கிராமத்தில், எட்டு மாதப் பெண் குழந்தையோடு என் பிறந்த வீட்டில் இருந்தேன். ராணுவத்தில் வேலை பார்த்த என் கணவர், ரக்பியில் இந்திய அணிக்காக ஆடியவர். மைதானத்தின் ஓரமாகப் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு பாயும் விங்கர். ஓர் ஆட்டத்தில் தோள் எலும்பு முறிந்து, விடுப்பில் வந்திருந்தார்.

ஆடலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

செவ்வாய்க்கிழமை கடைக்கார பாய் கூப்பிட்டார். ஊரில் அவர் கடையில்தான் போன். "தங்கச்சி, மாப்பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை காலையில மெட்ராஸ்ல டீம் கேம்ப்பாம். வரலைன்னா பேரை எடுத்துருவாகளாம். மறக்காமச் சொல்லிரும்மா."

சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே வியாழன் வந்துவிட்டது. நான் செய்வது குழந்தைக்காகவா, எனக்காகவா என்று எனக்கே தெரியவில்லை.

அன்று மதியம் குழந்தையை இடுப்பில் வைத்து, தூக்குவாளியோடு எங்கள் புஞ்சைக் காட்டுக்குப் போனேன். மழை பெய்த கரிசலில் யாரும் இறங்க மாட்டார்கள். காலுக்கு ஒரு படி மண் ஒட்டும். அதில்தான் என் கணவர் ஓடிக்கொண்டிருந்தார். பந்து இல்லாததால் கையில் உரிக்காத தேங்காய்.

வரப்பில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி சிரித்தார். "ஏந்தாயி, ஒன் வீட்டுக்காரரு எவன் தோட்டத்துல களவாண்டுட்டு இந்த ஓட்டம் ஓடுதாரு?"

நான் பதில் சொல்லுமுன், முறிந்த தோள் பக்கமாகவே அவர் சேற்றில் விழுந்தார். அலறிவிட்டேன்.

"காலையில இருந்து வேணும்னே விழுதாரு தாயி. மொதல்ல ஆடுக மிரண்டுச்சு. இப்ப அதுகளே திரும்பிப் பாக்கல."

அவர் எழுந்து வந்தார். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. போன் வந்ததைச் சொன்னேன்.

"மூணு நாளா சொல்லாம வச்சிருந்தியாட்டி?"

"பயமா இருந்துச்சுங்க."

"எனக்கும் பயந்தான். அதான் விழுந்து பாக்குதேன்."

தேங்காயை என் கையில் கொடுத்துவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினார். பின்னாலேயே ஓடிப்போய், அவர் குளித்து வருவதற்குள் பெட்டியை நானே அடுக்கினேன். சாயங்கால ரயிலைப் பிடித்துவிட்டார். அணியிலும் இடம் கிடைத்தது. அதன் பிறகு மூன்று வருஷம் ஆடினார்.

மகள் ஓடத் தொடங்கி, தெருவில் விழுந்தபோதெல்லாம் அலறல் தொண்டை வரை வந்தது. அந்த ஆடுகளை நினைத்துக்கொண்டு, அவளே எழுந்திருக்கட்டும் என்று நின்ற இடத்திலேயே நின்றேன்.