ஹாஜா மைதீனின் மதிய மாத்திரை

குடவாசலில் எங்கள் தெருப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுபவர் ஹாஜா மைதீன். ரமலானில் மதியத் தொழுகை முடிந்ததும் அடுப்பு மூட்டி, பெரிய அண்டாவில் கஞ்சி கிண்டும் துடுப்பைப் போட்டால் மாலைவரை அவர் கை ஓயாது.

போன வருஷம் அந்தக் கை நடுங்கத் தொடங்கியது. தஞ்சாவூர் நரம்பு டாக்டர், பார்க்கின்சன் நோய் என்று சொல்லி மூன்று வேளைக்கும் மாத்திரை எழுதினார். மலச்சிக்கல் ரொம்ப நாளாக உண்டா என்றும் கேட்டார். உண்டு. அதற்காகத்தான் ஹாஜா மைதீன் ஹோமியோபதி டாக்டர் மதிவதனியிடம் பல வருஷமாகச் சீனி உருண்டை வாங்கிச் சாப்பிட்டு வந்தார்.

"சில பேருக்கு இது வயித்துல ஆரம்பிச்சு மூளைக்குப் போகுதுன்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க" என்றார் நரம்பு டாக்டர்.

அந்த ஒரு பேச்சை ஹாஜா மைதீன் பிடித்துக்கொண்டார். வயிற்றில் வந்த நோய்க்கு வயிற்றைக் காயப்போடுவதுதானே மருந்து? மதிய மாத்திரை நோன்பை முறித்துவிடும். சீனி உருண்டையை விடியுமுன் சாப்பிடும் சஹரிலும் மாலை நோன்பு திறந்த பிறகும் போட்டுக்கொள்ளலாம். ரமலான் பிறந்ததும், மனைவி ஹபீபுன்னிசாவிடம்கூடச் சொல்லாமல் தஞ்சாவூர் மாத்திரைகளை நிறுத்திவிட்டார்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. துடுப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். கால் நகரவில்லை.

"மச்சான், கிண்டுங்க! அடிபிடிக்குது!" என்று கத்தினார் கூட வேலை செய்யும் அப்சர். பிறகுதான் புரிந்து, ஆட்டோவில் ஏற்றி மதிவதனியிடம் கொண்டுபோனார்.

நடந்ததைக் கேட்ட மதிவதனி உடனே தஞ்சாவூர் டாக்டருக்குப் போன் போட்டுப் பேசினார். பிறகு ஹாஜா மைதீன் பக்கம் திரும்பினார்.

"நான் அந்த மாத்திரைய நிறுத்தச் சொன்னேனா பாய்? என் உருண்டை அந்த வேலையச் செய்யாது. தண்ணிகூடக் குடிக்காம இருந்தா மலச்சிக்கல் கூடத்தான் செய்யும்."

"நோன்பு இல்லாதவன் கஞ்சி கிண்டலாமா டாக்டரம்மா?"

அதுதான் அவருடைய பயம். அவருக்குக் கை போவதைவிட அந்தத் துடுப்பு போவது பெரிதாக இருந்தது.

மறுநாள் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்திடம் அதையே கேட்டார். "நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை குடுத்திருக்கான். நோன்புக்குப் பதிலா ஏழைக்குச் சோறு போடுங்க. கஞ்சி கிண்ட யாரு தடை சொன்னா?" என்றார் ஹஜ்ரத்.

மாத்திரையைத் திரும்பத் தொடங்கிச் சில நாள் கழித்து ஹாஜா மைதீன் அடுப்படிக்கு வந்தார். மதிய மாத்திரையைச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று விழுங்கினார். அப்சர் பார்த்துவிட்டார்.

"எதுக்கு மறைக்கிறீங்க? நாங்க எல்லாரும் நோன்பு. இத்தன வருசமா வாயில வைக்காம, கண் மதிப்புலதான உப்பு போடுறோம்? இந்தாங்க, ருசி பாருங்க."

ஹாஜா மைதீன் நடுங்கும் கையால் கரண்டியை வாங்கி ஊதிக் குடித்தார்.

"உப்பு கூடிப்போச்சு, மச்சான்."

"அப்ப இத்தன வருசமும்?"

"கூடத்தான் இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுத் துடுப்பைக் கையில் எடுத்தார்.