கச்சான் இல்லாத கச்சாங்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் ஒரு தமிழர் தள்ளுவண்டியை நிறுத்தி, "ஐஸ் கச்சாங்!" என்று கூவுகிறார். யாழ்ப்பாணத்தானான எனக்குக் கச்சான் என்றால் வேர்க்கடலை. குவீன்ஸ்டவுனில் புதிதாய்க் கட்டிய அடுக்குவீட்டில் தங்கியிருக்கிறேன். அங்கே திரும்ப வைத்திருந்த பஸ் காசை ஆசையில் நீட்டிவிடுகிறேன். அவர் ஐஸைச் சீவிக் குவித்து, சிவப்புப் பாகும் டின்பாலும் ஊற்றித் தருகிறார். கரண்டியால் கிளறிப் பார்க்கிறேன்.

"அண்ணை, கச்சான் ஒண்டையும் காணேல்லையே?"

"அடியில இருக்கு லா, தோண்டுங்க."

தோண்டினால் அவித்த சிவப்புப் பயறு.

"இதுதாங்க கச்சாங். மலாய்ல பயறு."

ஏமாந்த கோபத்தோடு ஒரு வாய் வைக்கிறேன். பிறகு கிண்ணத்தைத் தூக்கி அடிப்பாகு வரை குடிக்கிறேன்.

"கடலை பக்கத்து வண்டியில இருக்குங்க" என்று கைகாட்டுகிறார்.

காசிருந்தால் இவரிடமே இன்னொரு கிண்ணம் கேட்பேன். சிவந்த நாக்கோடு குவீன்ஸ்டவுனுக்கு நடக்கிறேன்.