பன்னிரண்டு பேருக்கும் ஒரே மச்சம்

என் கையெழுத்து அழகாக இருக்கும். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. முதுநகரில் நான் படித்த பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்தே எல்லோரும் சொன்னதுதான். கரும்பலகையில் தினமும் குறள் எழுதுவது நான். ஆண்டு விழா அழைப்பிதழ் உறைகளில் பெயர் எழுதுவது நான். வகுப்பில் பேசியவர்கள் பெயரைப் பலகையின் மூலையில் எழுதி வைப்பதும் நான்தான். பத்தாம் வகுப்புக்கு வந்தபோது வகுப்புத் தலைவியும் நானே, கோ-கோ அணியின் கேப்டனும் நானே என்றாகிவிட்டது. தலைக்கனம் இல்லை என்று சொன்னால் அது பொய். எனக்குப் பிடிக்காதவள் பேசினால் அவள் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு பெருக்கல் குறி கூடுதலாகவே போட்டிருக்கிறேன்.

கேப்டன் ஆனதற்கும் ஆட்டத்துக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. நான் நன்றாகக் கத்துவேன், வரிசையில் நிற்க வைப்பேன், பி.டி. டீச்சர் சொன்னதைச் சொன்னபடி செய்வேன். ஆட்டம் என்றால் அது என் பக்கத்து இடத்துக்காரி. கோ-கோவில் எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருக்க, ஒருத்தி துரத்துவாள். எதிரணியிலிருந்து மூன்று மூன்று பேராக உள்ளே வந்து ஓட வேண்டும். கூட வந்த இரண்டு பேரும் பிடிபட்டுப் போன பிறகும் இவள் மட்டும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவே புகுந்து புகுந்து, விசில் ஊதும்வரை நிற்பாள். துரத்துகிறவர்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

அவள் வீடு துறைமுகத்துப் பக்கம். அப்பா படகில் போகிறவர். பத்தாவது முடித்ததும் அக்காவோடு இறால் கம்பெனிக்குப் போகட்டும் என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். அதிலிருந்து தப்பிக்க அவளுக்கு ஒரே ஒரு வழி இருந்தது. மாவட்டப் போட்டியின் இறுதி ஆட்டத்தைப் பார்த்துத்தான் மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பார்கள். அந்த அணியில் மாநிலப் போட்டிக்குப் போய் வந்தால் விளையாட்டு விடுதியில் இடம் கேட்கலாம். தங்குவது, சாப்பாடு, பதினொன்று, பன்னிரண்டு எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். வீட்டில் யாரையும் கேட்டு நிற்க வேண்டாம். அவள் அப்பாவே, அப்படி ஓர் இடம் கிடைத்தால் போகட்டும் என்று சொல்லியிருந்தார். 2008ஆம் வருடம் முழுக்க அவள் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள். கேட்டுக் கேட்டு எனக்கே விடுதியின் சாப்பாட்டுப் பட்டியல் மனப்பாடமாகிவிட்டது.

போட்டிக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மதியம், பி.டி. டீச்சர் என்னிடம் பன்னிரண்டு எலிஜிபிலிட்டி ஃபார்ம்களைக் கொடுத்தார். ஆட வருகிறவள் இந்தப் பள்ளி மாணவிதான், வயது இவ்வளவுதான் என்பதற்கான சான்று அது. பெயர், பிறந்த தேதி, புகைப்படம், கடைசியில் அங்க அடையாளங்கள் இரண்டு. ஆபீஸில் சேர்க்கைப் பதிவேடு இருக்கிறது, அதைப் பார்த்து எழுது என்றார் டீச்சர். பெயரும் தேதியும் வருகைப் பதிவேட்டிலேயே இருந்தன. மச்சத்துக்கு மட்டும் ஆபீஸுக்குப் போக வேண்டும். ஆபீஸ் கிளார்க் ஒரு பேனா இரவல் கேட்டாலே வள்ளென்று விழுவார். அவரிடம் போய்ப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க எனக்கு மனமில்லை. தலைவி இல்லையா நான்.

பன்னிரண்டு பேருக்கும் ஒன்றே போல எழுதினேன். ஒன்று, கழுத்தில் ஒரு மச்சம். இரண்டு, இடது முழங்காலில் ஒரு தழும்பு. தழும்பு பொய்யில்லை. எங்கள் மைதானம் முழுக்கச் சரளைக்கல். கோ-கோ ஆடுகிறவள் எவளுக்கும் முழங்கால் முழுசாக இருக்காது. மச்சம்தான் நானாக வைத்தது. அவள் என் டிபன் பாக்ஸிலிருந்து சாப்பிட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"எனக்குக் கழுத்துல கெடையாதுடி. கையில இருக்கு, பாரு" என்று கையை நீட்டினாள்.

"மச்சத்தப் போயி யாருடி பாக்கப் போறாங்க" என்றேன். தலையை நிமிர்த்தக்கூட இல்லை. அவளும் சிரித்துவிட்டுக் கையை மடக்கிக்கொண்டாள். பெல் அடிப்பதற்குள் பன்னிரண்டையும் முடித்தேன். தலைமையாசிரியை மேலே இருந்ததை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டு எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் சிதம்பரம் போனோம். அகலப்பாதை போடுகிறோம் என்று அப்போது ரயிலை நிறுத்தியிருந்தார்கள். வழி நெடுகப் பாட்டு, கண்டக்டரிடம் திட்டு, முட்லூர் தாண்டியதும் இரண்டு பேருக்கு வாந்தி. போட்டி நடந்த பள்ளி மைதானத்திலிருந்து பார்த்தால் கோபுரத்தின் மேல்பாதி தெரியும். காலையில் இரண்டு ஆட்டம், இரண்டிலும் ஜெயித்தோம். அரையிறுதியில் அவள் ஒருத்தியே முழு நேரமும் பிடிபடாமல் நின்றாள். பக்கத்து மைதானத்தில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். ஆள் எடுக்க வந்திருந்தவர்களில் ஒருவர் அவள் பனியன் எண்ணைக் குறித்துக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். அவளும் பார்த்தாள். என் கையை வலிக்கிற மாதிரி பிடித்தாள்.

இறுதி ஆட்டத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது எங்களை மேசைக்குக் கூப்பிட்டார்கள். எங்களோடு இறுதியில் ஆட வேண்டிய அணியின் சார் புகார் கொடுத்திருந்தார். அந்த ஓட்டக்காரி பள்ளி மாணவியே இல்லை, வெளியிலிருந்து கூட்டி வந்த ஆள் என்றார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. ஃபார்மில் ஒட்டியிருந்த படத்தில் அவள் ரெட்டைப் பின்னல் மடித்துக் கட்டி ரிப்பனோடு இருந்தாள். நேரில் நின்றவளுக்கு இரண்டு மாதம் முன்பு மேல்மலையனூரில் மொட்டை போட்டு, விரல்கடை அளவுக்குத்தான் முடி வளர்ந்திருந்தது. சொந்த அம்மாவே ஒரு நொடி யோசிக்கிற மாதிரி இருந்தாள்.

ஷாமியானாவுக்குக் கீழே மேசை. போட்டிக்குப் பொறுப்பான பெரியவர் வெள்ளைத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் டீச்சர் பள்ளிக்குப் போன் போட்டார். சனிக்கிழமை, யாரும் எடுக்கவில்லை. பெரியவர் பொறுமையாகவே ஃபார்மைத் திருப்பி, அடையாளம் எழுதியிருக்கிறதே, அதைப் பார்த்துவிட்டால் போயிற்று என்றார். 

வேறு பள்ளி டீச்சர் ஒருவர் அவள் பனியன் கழுத்தை விலக்கிப் பார்த்தார். முன்பக்கம், பின்பக்கம், காதுக்குக் கீழே. சுற்றி இரண்டு அணிப் பெண்களும் வாலிபால் பையன்களும் நின்றார்கள். அவள் கழுத்தை நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள். வேர்வை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இல்லையே என்றார் அந்த டீச்சர்.

"கழுத்துல இல்ல சார். கையில இருக்குது" என்று அவள் மணிக்கட்டைக் காட்டினாள்.

"இதுல கழுத்துன்னுதானேம்மா போட்டிருக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். இவதான் சார் எழுதினா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்தாள். அந்தப் பார்வையில் கோபமே இல்லை, அதுதான் இன்றுவரை என்னைக் குடைகிறது. இதோ இவள் சொல்லிவிடுவாள் என்ற நம்பிக்கையோடு, பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைத்துவிட்டுப் பார்ப்பாளே, அப்படித்தான் பார்த்தாள்.

நான் டீச்சரை ஓரமாக இழுத்துக்கொண்டு போய் உண்மையைச் சொன்னேன். பன்னிரண்டு பேருக்கும் அதையேதான் எழுதியிருக்கிறேன் என்றேன். டீச்சர் அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. வெளிறிப்போய் மைதானத்தையே பார்த்தார். எச்.எம். கையெழுத்துப் போட்ட ஃபார்ம் அவை. மற்ற பதினொன்றையும் இன்னும் யாரும் புரட்டவில்லை.

"இத நீ அங்க சொன்னா, எல்லா ஃபார்மையும் எடுத்துப் பாப்பாங்க. பன்னெண்டு பேரும் வூட்டுக்குப் போவணும், ஸ்கூல் பேரும் போவும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "சொல்லாதன்னு நான் சொல்ல மாட்டேன். நீதான் கேப்டன்" என்றார்.

எத்தனையோ நாள் அந்த டீச்சர் மேல் பழியைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். வயதில் மூத்தவர் அவர்தானே, அவரே முடிவெடுத்திருக்க வேண்டாமா என்று. ஆனால் அவர் சொன்னதைக் கேட்டபோது எனக்கு வந்தது நிம்மதி. பதினொரு பேருக்காக ஒருத்தி என்று ஒரு கணக்கை உடனே பிடித்துக்கொண்டேன். கேப்டன் என்றால் அணியைத்தானே பார்க்க வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். உண்மை அதுவல்ல. எல்லோருக்கும் முன்னால் இவள் சோம்பேறித்தனத்தால் வந்த வினை என்று தெரிந்துவிடுமே என்ற பயம்தான். பயம், அவ்வளவுதான்.

மேசைக்குத் திரும்பியபோது பெரியவர் வழி ஒன்று கண்டுபிடித்து வைத்திருந்தார். வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்கு முன் ஆட்டத்தை முடிக்க வேண்டும் என்பது அவர் கவலை. அந்த ஒருத்தியை விலக்கிக்கொண்டால் மற்றவர்கள் ஆடலாம், மேற்கொண்டு எதையும் கிளற வேண்டாம் என்றார். எதிரணி சாரும் தலையாட்டினார். அவருக்கு வேண்டியதும் அதுதான். விலக்கிக்கொள்கிறோம் என்று கேப்டன் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று பெரியவர் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார்.

எழுதினேன். அவள் எனக்கு இரண்டடி தள்ளி நின்றாள். தாளை வாங்கிய பெரியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கையெழுத்து முத்து முத்தா இருக்குதும்மா."

இறுதி ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தோம். எப்படி ஜெயித்தோம் என்று எனக்கு நினைவில்லை. அவள் எங்கள் பைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தாள். இடைவேளையில் தண்ணீர் பாக்கெட்டின் நுனியைக் கடித்துக் கடித்து ஒவ்வொருத்திக்கும் நீட்டினாள். எனக்கும் நீட்டினாள். ஆட்டம் முடிந்ததும் மாவட்ட அணிக்கு எங்களிலிருந்து மூன்று பேரை எடுத்தார்கள், அதில் நானும் ஒருத்தி. திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் பாடவில்லை. அவள் முன்சீட்டில் டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். டீச்சர் அவள் தோளில் வைத்த கையை ஊர் வரும்வரை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியை என்னை மேடைக்கு அழைத்தார். நெருக்கடியிலும் அணியைக் கலைய விடாமல் காத்த தலைமைப் பண்பு என்று பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். பத்தாம் வகுப்பு வரிசையில் அவளும் கைதட்டிக்கொண்டிருந்தாள். மைக் என் கைக்கு வந்தது. சொல்வதற்கு அது இரண்டாவது வாய்ப்பு. நன்றி என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

மாநிலப் போட்டிக்குப் போய் முதல் சுற்றிலேயே தோற்று வந்தோம். இருந்தாலும் சான்றிதழ் சான்றிதழ்தானே. பிறகு சிதம்பரத்தில் கல்லூரியில் சேர்ந்தபோது விளையாட்டு ஒதுக்கீட்டில் எனக்கு இடம் வாங்கித் தந்தது அதுதான். அவள் அந்த வருடம் பத்தாவது தேறினாள். ஜூனில் பள்ளி திறந்தபோது வரவில்லை. காலையில் இறால் கம்பெனி வேன் எங்கள் தெரு முனையைக் கடக்கும்போது நான் அந்தப் பக்கம் திரும்பாமல் சைக்கிள் மிதித்துப் பழகிக்கொண்டேன்.

ஆனால் நான் மறக்க முடியாதது மைதானமும் அல்ல, வேனும் அல்ல. போட்டி நடந்த அதே வருடம் நவம்பரில், பொதுத்தேர்வு எழுதுகிறவர்களின் பட்டியலான நாமினல் ரோல் தயாரிக்கும் வேலை வந்தது. அதிலும் பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளங்கள் இரண்டு. வகுப்பாசிரியைக்கு நடந்தது எதுவும் தெரியாது. வழக்கம்போல என்னைக் கூப்பிட்டு, உன் கையெழுத்துதான் நன்றாக இருக்கும், நீயே எழுது என்றார். இந்த முறை நானே ஆபீஸுக்குப் போய், கிளார்க்கிடம் திட்டு வாங்கிக்கொண்டு, சேர்க்கைப் பதிவேட்டை வாங்கி வந்தேன். ஒவ்வொருத்தியாக வந்து எதிரே உட்கார்ந்து சரிபார்த்துவிட்டுப் போனார்கள்.

அவள் முறை வந்தது. மூன்று வாரமாக அவள் என்னோடு பேசவில்லை. கடைசி பெஞ்சுக்கு இடம் மாறியிருந்தாள். வந்து உட்கார்ந்தாள். நான் குனிந்தபடி பதிவேட்டில் அவள் பெயரைத் தேடினேன். வலது மணிக்கட்டில் ஒரு மச்சம் என்று இருந்தது. அதைப் பார்த்து எழுத ஆரம்பித்தேன். அந்தப் பக்கத்தின் மேல் அவள் கையை வைத்து மூடினாள்.

"புக்கப் பாத்து எழுதாத. என்னப் பாத்து எழுது."

கையைத் திருப்பி மேசை மேல் வைத்தாள். மணிக்கட்டின் உள்பக்கம், நரம்புக்குப் பக்கத்தில், மிளகு அளவுக்கு ஒரு மச்சம். ஐந்து வருடமாக என் டிபன் பாக்ஸுக்குள் வந்து போன கை. பொரித்த மீனில் முள் எடுத்து எனக்கு வைத்த கை. நான் பார்த்ததே இல்லை. எழுதினேன். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். முடிக்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

இரண்டாவது என்ன என்று கேட்டேன்.

"முழங்கால்ல தழும்பு" என்றாள். "அது ஒண்ணுதான் அன்னைக்கு நீ நெசமா எழுதினது."

எழுந்து, பாவாடையைச் சரிசெய்துகொண்டு, கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தாள். நான் அடுத்தவள் பெயரைக் கூப்பிட்டேன்.